கரத்தை ரோடும் குறுக்கும்

மாசி மாதம் லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது, மறுநாள் விடியற்காலை ஹப்புத்தளைக்கு மேலே இருக்கிற லிப்டன் சீட் உச்சிக்கு நடந்து போகப் போகிறோம் என்று சொன்னதும் அப்பாயி கேட்ட முதல் கேள்வி, "யாரு பேர் போடுறா?"

தோட்டத்தில் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்குப் போய், மலை ஏறி, நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் கொழுந்து நிறுத்து, நிறை சரியாக இருந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். முப்பது வருடத்துக்கு மேல் அப்படி ஏறி இறங்கிய மனுசிக்கு, பேரும் இல்லாமல் கொழுந்தும் இல்லாமல் சும்மா மலை ஏறுவது என்பது விளங்காத காரியம். உண்மையைச் சொன்னால் எனக்கும் விளங்காமல்தான் இருந்தது. பள்ளிக்கூடம் போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர், இதில் லீவு நாளிலும் நடப்பதா என்றுதான் வளர்ந்தோம். கொழும்புக்கு வேலைக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்தே முதுகு பிடித்துக்கொண்ட பிறகுதான் கால் மலையைக் கேட்க ஆரம்பித்தது.

போனது மூன்று பேர். நான், சித்தப்பா மகன், அப்புறம் என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தோழி. அவளுக்கு மலை என்றால் கீரிமலைதான். அங்கே மலையே கிடையாது, கேணியும் கடலும்தான் இருக்கிறது என்பது அவளே சொல்லிச் சிரிக்கும் கதை. விலை கூடிய சப்பாத்து, கைத்தடி, முதுகுப்பை என்று ஆயத்தமாக வந்திருந்தாள். தம்பி பாட்டா செருப்போடு வந்தான்.

ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்ன தொழிற்சாலை வரைக்கும் ஓட்டோவில் போய்விட்டோம். பஸ் இருக்கிறது, ஆனால் அது வந்து சேரும் நேரத்துக்கு மேலே முகில் மூடிவிடும். லிப்டன் சீட் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம்: ஆறு மணிவாக்கில் உச்சியில் நிற்க முடியாவிட்டால் போகாதீர்கள். ஒன்பது, பத்து மணிக்கு வான் வண்டியில் வந்து இறங்குகிறவர்கள் பார்ப்பதெல்லாம் வெள்ளைச் சுவர் மட்டும்தான். தாமஸ் லிப்டன் என்ற கிளாஸ்கோ மளிகைக்காரர் 1890இல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கி, கீழே இருக்கிற அந்த நீண்ட தொழிற்சாலையையும் கட்டி, மேலே ஏறி உட்கார்ந்து தன் சொத்தைப் பார்த்தாராம், அதனால் இந்தப் பெயர். இப்போது அவருக்குச் சிலையும் இருக்கிறது, சிலையும் உட்கார்ந்துதான் இருக்கிறது. நடந்தவர்கள் யாருக்கும் அங்கே சிலை இல்லை, சரி, அது தெரிந்த கதைதான்.

தொழிற்சாலையிலிருந்து உச்சிக்கு ஏழு கிலோமீட்டர் என்பார்கள். அது கரத்தை ரோட்டுக் கணக்கு. தோட்டத்துக்குள் எப்போதும் இரண்டு வகைப் பாதை உண்டு, இதை நான் இத்தனை வயதுக்கு அப்புறம்தான் யோசித்தேன். ஒன்று கரத்தை ரோடு. மாட்டு வண்டி போவதற்காகப் போட்டது, அதனால் சரிவு மெதுவாக இருக்கும், வளைந்து வளைந்து போகும், மாடு மூச்சு வாங்காமல் ஏறும். மற்றது குறுக்கு. வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் தேயிலைக்குள் நேராக ஏறுகிற ஒற்றையடிப் பாதை. அதை யாரும் அளந்து போடவில்லை. பெரட்டுக்குப் பிந்தினால் வேலை இல்லை என்று ஓடிய கால்கள் போட்டது. மாட்டுக்குச் சரிவு பார்த்துப் போட்டார்கள், ஆளுக்குப் பார்க்கவில்லை என்று தம்பியிடம் சொன்னேன். "அக்கா, மாடு வெலைக்கு வாங்குனது" என்றான்.

டோர்ச் வெளிச்சத்தில் அந்தக் குறுக்கைக் கொஞ்சம் கிட்டே பாருங்கள். படி என்று சொல்கிறோமே தவிர, பாதிக்கு மேல் தேயிலை வேர்தான். மண்ணைக் காலும் மழையும் அரித்துக்கொண்டு போக, வேர் மட்டும் வெளியே தள்ளி, விரலளவு தடிப்பில், மிதித்து மிதித்து மேல்தோல் போய் மினுங்கும். நடுவில் எங்காவது ஒரு கல். அந்தக் கல் நடுவில் தேயவில்லை, இடது ஓரத்தில்தான் குழிந்திருக்கிறது; ஏனென்றால் வலது பக்கம் கான், மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், கால் வழுக்கினால் கானுக்குள்தான் போக வேண்டும், ஆகவே எல்லாரும் இடது ஓரத்திலேயே மிதித்திருக்கிறார்கள். தோழி நேராகக் கால் வைத்து ஏறி இரண்டு தடவை சறுக்கினாள். தம்பி திரும்பிப் பார்த்து, "குதிக்கால மண்ணுல குத்தாதீங்க, பாதத்தச் சைடா வைங்க, அவசரப்படாம ஒரே வேகத்துல வாங்க" என்றான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததல்ல. எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நடப்போம், கொழும்பில் தட்டையான ரோட்டிலும் நான் அப்படித்தான் நடக்கிறேனாம், தோழி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஆறேகாலுக்கு உச்சி. இந்த இடம் கிட்டத்தட்ட 1,970 மீற்றர். தெற்கே பார்த்தால் மலை அப்படியே அறுந்து விழுகிறது, அடுக்கடுக்காகச் சின்னக் குன்றுகள், பிறகு தட்டையான வறண்ட நாடு, அதற்கும் அப்பால் தொடுவானத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. அதுதான் கடல் என்றாள் தோழி. இல்லை, முகில் என்றான் தம்பி. நான் கடல் பக்கம் சேர்ந்துகொண்டேன், ஆனால் உறுதியாகத் தெரியாது. ஊவா மலைத்தொடரின் இந்த விளிம்பில் நிற்கும்போதுதான் இலங்கை எவ்வளவு சின்ன நாடு என்று உறைக்கும், குளிரில் பல் கிட்டிக்கொண்டே கடற்கரையைத் தேடுகிறோம்.

கீழே கொஸ்லந்தப் பக்கம் தம்பி கையை நீட்டினான். ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சரிவின் அடியில்தான் மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29, காலையில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயங்களை மண் மூடிய இடம். அப்போது பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வீடு இல்லை. இந்த மலைகளை அழகு என்று நான் எழுதும்போதெல்லாம் அந்த நாள் இடையில் வந்து நிற்கும், அதைத் தாண்டிப் போகவும் மாட்டேன். மழைக்காலத்தில் நடக்க வருகிறவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எந்தப் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். செம்மஞ்சள், சிவப்பு என்றால் திரும்பிவிடுங்கள். அது படம் எடுப்பதற்கான மழை இல்லை.

மேலே ஒரு தேத்தண்ணிக் கடை உண்டு. ரொட்டி, கட்டச் சம்பல், பால் ஊற்றாத சாயத்தண்ணி. தோழி சாயத்தண்ணிக்குச் சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிக்கப் பழகிவிட்டாள். இறங்கும்போது எட்டரை, கொழுந்து எடுக்கும் ஆட்கள் மலையில் ஏறிவிட்டார்கள். ஒரு வெள்ளைக்கார ஜோடி தேயிலைக்குள்ளேயே இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த நிரையில் நின்ற அக்கா ஒருத்தி சிரித்துக்கொண்டே நின்றாள், நின்ற நேரத்துக்கு நிறை குறையும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? படம் எடுக்க வேண்டும் என்றால் மடுவத்தில் நிறுக்கும் நேரம் வந்து கேட்டு எடுங்கள், அவர்களும் தலையை வாரி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள்.

இப்போது பீக்கோ ட்ரெயில் என்று ஒன்று வந்திருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி, பழைய தோட்டப் பாதைகளைக் கோத்துக்கொண்டு, எங்கள் ஊவா வரைக்கும் வந்து சுற்றி, நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டம், 300 கிலோமீட்டருக்கு மேல். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் முதன்முதலில் வியாபாரத்துக்குத் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது. அதில் பெரும்பகுதி கரத்தை ரோடுதான். பெயர்ப்பலகை, கிலோமீட்டர் கணக்கு எல்லாம் உண்டு. எங்கள் பக்கத்து வளைவில் பலகையைப் பார்த்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது, பாதை தொலைந்துவிடுமா என்ன என்று. பிறகு யோசித்தால் சந்தோசம்தான். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு மாமி பெட்டிக்கடை போட்டு வடையும் தேத்தண்ணியும் விற்கிறார், அவர் மகள் ஆங்கிலத்தில் வழி சொல்கிறாள். ஆனால் குறுக்குகள் அந்த வரைபடத்தில் இல்லை. இருக்கவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன், அதற்கான காரணம் கீழே வருகிறது.

மற்ற இடங்களைப் பற்றியும் கேட்பீர்கள். எல்ல ரொக் நல்ல நடைதான், கோச்சி ரோடு, அதாவது ரயில் பாதை வழியே போய்ப் பிறகு ஏற வேண்டும், ஆனால் இப்போது திருவிழாக் கூட்டம். குட்டிச் சிவனொளிபாதம், 1,141 மீற்றர், குழந்தைகளோடு போகலாம். ஹோர்டன் சமவெளியில் சுற்று ஒன்பதரை கிலோமீட்டர் அளவில் வரும், உலக முடிவு என்கிற செங்குத்து விளிம்பில் நின்றால் காலடியில் 870 மீற்றர் வரை பள்ளம். வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எல்லாம் எடுத்துவிடுவார்கள், பிஸ்கட் உறையைக்கூட விடமாட்டார்கள், அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அந்த இடத்தைப் பிடிக்கும். டிக்கட் விலை வெளிநாட்டுக்காரருக்கும் நமக்கும் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம், தோழியிடம் அடையாள அட்டை கேட்டார்கள், அவள் கோபித்துக்கொண்டாள். எனக்குப் பிடித்தது இதெல்லாம் இல்லை, ஹப்புத்தளையிலிருந்து இதல்கஸ்ஹின்ன போகிற வழி. கோச்சி 1893இல் ஹப்புத்தளைக்கு வந்தது. இதல்கஸ்ஹின்ன நிலையத்தில் நின்றால் மலை முதுகு அவ்வளவு ஒடுக்கம், ஒரு பக்கம் ஊவா, மறுபக்கம் சப்ரகமுவ, இரண்டு பக்கமும் பள்ளம். அங்கிருந்து ஒஹியவுக்கு இடையில் 14 சுரங்கம். தண்டவாளத்தில் நடக்கச் சட்டப்படி அனுமதி இல்லை, சுரங்கத்துக்குள் கோச்சி வந்தால் ஒதுங்க இடமும் இல்லை. அதனால் போகும்போது கோச்சியிலே போய், திரும்பும்போது மலைக்காட்டு ஓரமாக, ஆதிசம் பங்களாப் பக்கம் தங்கமலைக் காட்டு வழியாக வாருங்கள். ஆதிசம் 1931இல் ஒரு வெள்ளைத்துரை கட்டியது, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம், அவர்கள் செய்கிற ஸ்ட்ரோபெரி ஜாம் வாங்காமல் வந்தால் என் வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

குறுக்குகள் வரைபடத்தில் இருக்க வேண்டாம் என்றேனே, இனி அந்தக் காரணம். சித்திரை விடுமுறையில் அதே மூன்று பேர் ஒஹியவிலிருந்து பம்பரகந்தைக்கு இறங்கினோம். காலைக் கோச்சியில் ஒஹிய, அங்கிருந்து உடவேரிய தோட்டத்துக்குள் போய், டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் என்று வெளியூர்க்காரர் பெயர் வைத்திருக்கிற கொண்டைஊசி வளைவுகள் வழியாக இறங்கி, பம்பரகந்த அருவி, அப்புறம் களுபஹன சந்தியில் கொழும்பு ரோட்டைப் பிடிப்பது. நாள் முழுக்க இறக்கம். இறக்கம் என்றால் சுகம் என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன், மூன்றாவது மணித்தியாலத்தில் முழங்கால் பதில் சொல்லும்.

பதினொரு மணிக்கு முகில் ஏறியது. சித்திரையில் காலை வெயிலும் பின்னேர இடியும் வழக்கம், அன்றைக்குக் கொஞ்சம் முந்திவிட்டது. தோழியின் போனில் ஒரு செயலி ஒரு கோட்டைக் காட்டியது, இரண்டு வளைவை வெட்டிக்கொண்டு நேராக இறங்குகிற கோடு. நான்தான் சொன்னேன், "அது குறுக்குதான், வா போவோம்" என்று. தோட்டத்துப் பிள்ளை என்ற திமிர். அது குறுக்காக இருந்திருக்கலாம், எப்போதோ. அந்த மலையைக் கைவிட்டு வருடங்கள் ஆகியிருக்க வேண்டும். தேயிலை மரமாகவே வளர்ந்து தலைக்கு மேல் நின்றது, நடுவில் மானாப்புல் ஆள் உயரம், காலடியில் கான் இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா தெரியவில்லை. பத்து நிமிடத்தில் மேலேயும் தெரியவில்லை, கீழேயும் தெரியவில்லை. தோழி பேசுவதை நிறுத்தியிருந்தாள், அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது.

தம்பி கை இரண்டையும் வாயில் குவித்துக் கூப்பிடப் போனான். அந்த நேரம் கீழே எங்கிருந்தோ ஒரு குரல், சத்தம் போடாத குரல், ஆனால் தெளிவாகக் கேட்டது: "கத்தாதீங்க. அப்படியே நில்லுங்க."

விறகு வெட்ட வந்த ஒரு வயதான ஆள், தலையில் சாக்கு, கையில் கத்தி. புல்லை விலக்கிக்கொண்டு வந்து, எங்களைப் பார்க்காமல் எங்களுக்கு மேலே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பத்தடி தூரத்தில் ஒரு டர்பன்டைன் மரக் கிளையில் சட்டிப் பானை அளவுக்கு ஒரு குளவிக்கூடு, சாம்பல் நிறம், அடியில் கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத வீடு குறைவு, இறந்தவர்களும் உண்டு. சத்தமும் புகையும் வாசனையும் அதுக்கு ஆகாது. அதை என்னை விட யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

"எங்க புள்ள போறீங்க?"

"பம்பரகந்தைக்கு மாமா. இந்த வழி போன்ல காட்டுச்சு."

"போனு பெரட்டுக்கு வருமா?" என்றார். சிரிக்கவில்லை. திரும்பி, வந்த வழியே, அதே அடியிலேயே மிதித்து வரச் சொல்லி முன்னால் நடந்தார். அவர் காலில் செருப்புகூட இல்லை. கரத்தை ரோட்டில் ஏற்றிவிட்டு, "இந்த ரோட்ட விட்டு எறங்காதீங்க, இது மாடு போன ரோடு" என்று சொல்லிவிட்டு விறகுக்குத் திரும்பிப் போய்விட்டார். காசு கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. பையில் இருந்த பணிஸ் இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

குறுக்கு என்பது நடக்கிற வரைக்கும்தான் குறுக்கு. தினம் பத்து கால் படாவிட்டால் அது காடு. வரைபடத்தில் ஏற்றிய ஆள் எந்த வருடம் நடந்தாரோ, அது செயலிக்குத் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆகவே நீங்கள் போகும்போது கடைசியாகப் பார்த்த லயத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்: இந்தப் பாதையில் இப்போது ஆள் நடமாட்டம் உண்டா, குளவி உண்டா. கேட்டால் கோபிக்க மாட்டார்கள், சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொல்வார்கள்.

அட்டையைப் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் இது மலையக நடை ஆகாது. முதல் மழை விழுந்ததும் புல் நுனியில் எழுந்து நின்று, நூல் போல ஆடி, ஆள் சூட்டைத் தேடும். தோழி நூறு தரம் குனிந்து பார்த்தாள், சப்பாத்துக்கு வெளியே ஒன்றும் இல்லை. அதெல்லாம் கயிறு கட்டுகிற ஓட்டை வழியே உள்ளே போயிருந்தது. தம்பி புறப்படும்போதே காலில் சவர்க்காரத்தைத் தடவிக் காயவிட்டிருந்தான், செருப்புக் காலில் ஏறினாலும் உடனே தெரியும், விரலால் உருட்டிச் சுண்டிவிட்டான். பிடித்து இழுக்க வேண்டாம், உப்போ சவர்க்காரத் தண்ணியோ பட்டால் அதுவே விழும். இரத்தம் நெடுநேரம் நிற்காது, பயப்படத் தேவையில்லை, அட்டை எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத சாமான் இருக்கிறது.

பம்பரகந்த 263 மீற்றர், நாட்டிலேயே உயரமான அருவி. சித்திரையில் தண்ணீர் மெலிவு, கரும்பாறையில் வெள்ளை நூல் விட்ட மாதிரி இறங்கி, பாதியில் காற்றில் கலைந்து, கீழே தூவானமாகத்தான் வந்து சேர்ந்தது. கால்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் ஒருவரும் பேசவில்லை. களுபஹனவில் பஸ் ஏறும்போது இருட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாயி இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். குளவிக் கதையைச் சொல்லவில்லை, சொன்னால் இனி விடமாட்டார். வேறு எதையாவது பேச வேண்டுமே என்று, மாசியில் லிப்டன் சீட்டில் பார்த்த வெள்ளைக் கீற்றுப் பற்றிக் கேட்டேன்: அது கடலா, முகிலா?

"ரெண்டும் இல்ல. உப்பளம்" என்றார். அம்பாந்தோட்டைப் பக்கத்து உப்பளம் காலை வெயிலில் அப்படித்தான் வெளுக்குமாம். கடல் அதற்கு மேலே, கொஞ்சம் மங்கலாக, நீலம் கலந்த சாம்பலில், பின்னேரம்தான் தெரியுமாம். அந்த விளிம்பு மலையில் கொழுந்து எடுத்த காலத்தில் மத்தியானம் ரொட்டி தின்னும்போது எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்காருவார்களாம், கடல் இருண்டால் இரண்டு மணித்தியாலத்தில் மழை, கூடையை நிரப்பப் பார்க்க வேண்டும்.

"கடல நீங்க கிட்டப் போய்ப் பாத்திருக்கீங்களா அப்பாயி?"

"கதிர்காமம் போனப்ப கிரிந்தைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரே சத்தம்" என்று சொல்லிவிட்டு, என் கணுக்காலைப் பார்த்து, "அதுல ஒண்ணு தொங்குது பாரு" என்றார்.